கைக்கடிகாரமும் கல்பின் பெருமையும்

அல்லாஹுத்தஆலா அடியார்களுக்கு வழங்கியிருக்கும் நிஃமத்துகளில் காலமும் ஒன்று. காலத்தின் மீது சத்தியமிட்டே திருக்குர்ஆனின் 103-வது அத்தியாயமான 'அல் அஸ்ர்' தொடங்குகிறது. தொழுகைக்கு நேரம் வரையறுக்கப்பட்டிருப்பதை 'அன்னிஸா' அத்தியாயத்தின் 103-வது வசனம் உணர்த்துகிறது. ஆகவே நேரத்தைக் காட்டும் கருவியின் மீது முஸ்லிம்களுக்குப் பிரியம் ஏற்பட்டதில் வியப்பில்லை. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்லும் பணியில் இருந்த இப்னுஷ் ஷாதிர் என்ற வானியல் அறிஞர், 1371-ல் அப்பள்ளியின் மினாராவுக்காக ஒரு சூரியக் கடிகாரத்தைச் செய்து கொடுத்தார். அந்தக் கடிகாரம் அமைக்கப்பட்டது ஊருக்கெல்லாம் நேரம் தெரிவதற்காக.

இன்றோ, நேரம் தெரிவதற்காக வந்த கடிகாரம், மனிதனின் தரம் தெரிவதற்கான அளவுகோலாக ஆகிவிட்டது. இந்த நோயைப் பற்றிச் சற்று சிந்திப்போம்.

ஹவ்ளின் ஓரத்தில்

சென்னை கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை அமைந்தது. அன்று முதல் பட்டறைத் தொழிலாளியும் முதலாளியும் அடுத்தடுத்து நடமாடும் இடமாக அது இருந்து வருகிறது. பின்னாளில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் உயர்ந்த கட்டடங்களும் அங்கு எழும்பின. இப்படிப்பட்ட பகுதியின் பள்ளிவாசல்களில் ஜும்ஆ நாளன்று ஒளுச் செய்யும் இடத்தைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டுகிறார்கள், கடிகாரத்தைக் கழற்றுகிறார்கள். ஒருவருடையது சில நூறு ரூபாய், மற்றவருடையது சில லட்சம். இரண்டும் ஒரே திண்ணையில் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. பிறகு அதே கைகள் ஒரே ஸஃப்பில் தக்பீர் கட்டுகின்றன.

தொழுகை முடிந்து வெளியில் வந்ததும்தான் ஷைத்தான் தன் வேலையைத் தொடங்குகிறான். 'இது என்ன வாட்ச்? பேட்டரியில் ஓடுவதா? அதெல்லாம் ஒரு வாட்சா?' என்று ஒருவர் கேட்கிறார். கேட்கப்பட்டவர் தம் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்கிறார். ஒரு முஃமினின் உள்ளம் அங்கே நோகடிக்கப்படுகிறது.

ஜனதா சொல்லும் பாடம்

கடிகாரம் சேகரிப்போரிடையே இன்று பல படித்தரங்கள் உண்டு. சாவி கொடுத்து ஓடுவது உயர்வு, பேட்டரி தாழ்வு. சுவிட்சர்லாந்து உயர்வு, ஜப்பான் அதற்கு அடுத்தது, நம் நாட்டுச் சரக்கு கடைசி. உள்ளே இருக்கும் இயந்திரத்தை அதே கம்பெனி செய்திருந்தால் உயர்வு, வெளியே வாங்கிப் பொருத்தியிருந்தால் தாழ்வு. இந்தத் தராசு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு நம் நாட்டின் எச்.எம்.டி. கடிகாரமே சாட்சி.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. ஜனதா, பைலட், ஜவான் என்ற பெயர்களில் அதன் கடிகாரங்கள் வெளிவந்தன. பார்வையற்றோர் தடவி நேரம் அறியும் பிரெய்ல் கடிகாரத்தையும் அது செய்தது. ஆசிரியர், குமாஸ்தா, ரயில்வே ஊழியர் என நடுத்தர மக்களின் கையில் ஜனதா ஓடியது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்குப் போன சபுராளிகள் சீக்கோவும் சிட்டிசனும் ராடோவும் கொண்டுவந்தார்கள். உடனே ஜனதாவின் மவுசு குறைந்தது. வெளிநாட்டு வாட்ச் கட்டியவர் விருந்தில் முன்வரிசைக்கு அழைக்கப்பட்டார். பிறகு, டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்து சந்தையை நிரப்பியது. 2016-ல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடிவிட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மூடப்பட்ட தொழிற்சாலையின் ஜனதாவைத் தேடிச் சேகரிப்போர் புறப்பட்டார்கள். முன்பு எதைக் கட்டினால் ஏழை என்று எண்ணினார்களோ, அதையே கட்டியவர் இன்று 'ரசனை உள்ளவர்' எனப் பாராட்டப்படுகிறார். அவர்களில் சிலர், டைட்டன் கட்டியவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்! ஜனதாவின் உள்ளே அதே பதினேழு கற்கள், அதே சாவி, அதே ஓட்டம். அதில் எதுவும் மாறவில்லை. மாறியது மக்களின் பார்வை மட்டுமே. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை வைத்து அல்லாஹ்வின் அடியானை எடைபோடுவது எவ்வளவு அறிவீனம்!

துல்லியத்தை வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானின் சீக்கோ கம்பெனி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு விட்டது. இன்றைய சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே ஒரு சிறு படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஒரு மாதத்தில் அது சுமார் பதினைந்து அல்லது இருபது வினாடியே பிசகும். சுருள்வில்லால் ஓடும் கடிகாரத்துக்குச் சுவிட்சர்லாந்தில் வழங்கப்படும் துல்லியச் சான்றிதழோ, நாளொன்றுக்கு நான்கு வினாடி பின்னால், ஆறு வினாடி முன்னால் வரை பிசகலாம் என்று அனுமதிக்கிறது. லட்ச ரூபாய்க் கடிகாரத்தைவிட, கேலி செய்யப்பட்ட பேட்டரிக் கடிகாரமே நேரத்தைச் சரியாகக் காட்டுகிறது!

ரசனை வேறு, பெருமை வேறு

அப்படியானால் நல்ல கடிகாரத்தை விரும்புவதே பாவமா என்று சகோதரர்கள் கேட்கக்கூடும். இல்லை. இதற்கான தெளிவான விளக்கம் ஸஹீஹ் முஸ்லிமில், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் கிடைக்கிறது. உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவரும் சுவனம் புக மாட்டார் என்ற எச்சரிக்கையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விடுத்தபோது, ஒரு மனிதர் ஐயம் எழுப்பினார். தம் உடையும் செருப்பும் அழகாக இருக்க வேண்டுமென ஒருவர் ஆசைப்படுவதும் இதில் சேருமா என்பதே அவர் கேள்வி. நாயகம் (ஸல்) அவர்களோ, அல்லாஹ் அழகை விரும்புபவன் என்பதை எடுத்துரைத்து, பெருமைக்கு இரண்டு அடையாளங்களைக் காட்டினார்கள். ஒன்று, உண்மையை மறுப்பது. மற்றொன்று, மக்களை இழிவாகக் கருதுவது.

இந்த இரண்டு அடையாளங்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எல்லா வழக்கும் இதில் தீர்ந்துவிடும். ஒருவருக்கு வெள்ளை முகப்பு பிடிக்கும். மற்றவருக்குக் கறுப்பு பிடிக்கும். ஒருவர் பழைய கடிகாரத்தைப் பழுது பார்த்து ஓடவைப்பதில் மகிழ்வார். இவை ரசனை, அலங்காரத்தை ஹராமாக்கியவர் யார் என்ற கருத்தில் 'அல் அஃராஃப்' 32-வது வசனம் இதற்கு இடம் தருகிறது. அதற்கு முந்திய வசனம் வீண்விரயத்தைத் தடுப்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் தன் ரசனையைப் பிறர் மீது தராசாக வைத்து, 'இவன் தாழ்ந்தவன்' என்று எண்ணும் கணத்தில், இரண்டாவது அடையாளம் வந்துவிடுகிறது. கேலி செய்யப்படுவோர் கேலி செய்வோரைவிடச் சிறந்தவராக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை 'அல் ஹுஜுராத்' 11-வது வசனத்தில் இருக்கிறதல்லவா?

இன்னொன்றும் உண்டு. எளிய கடிகாரம் கட்டியவருக்கும் பெருமை வரும். 'நான் ஆடம்பரக்காரன் அல்லன். அவர்களெல்லாம் பகட்டுக்காரர்கள்' என்று நினைத்தால், அதுவும் மக்களை இழிவாகக் கருதுவதே. விலை குறைந்த கடிகாரம் பணிவுக்குச் சான்றிதழ் ஆகாது.

அறிந்துகொள்ள வேண்டிய மஸ்அலாக்கள்

1. ஒளு: கையை முழங்கை வரை கழுவுவது ஃபர்ளு. கடிகாரப் பட்டை இறுக்கமாக இருந்தால் அதன் அடியில் தண்ணீர் படாமல் போகலாம். எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் கழற்ற வேண்டும். அல்லது நகர்த்தி நனைக்க வேண்டும்.

2. தங்கம்: ஆண்களுக்குத் தங்கம் ஹராம். ஒருவர் விரலில் தங்க மோதிரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கழற்றி எறிந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தங்கத்தால் ஆன கடிகாரத்துக்கும் இதே சட்டம்தான். முலாம் பூசியதில், தீயில் காட்டினால் தங்கம் பிரிந்து வருமளவுக்கு இருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் ஆணுக்கு ஆகாது. பிரித்தெடுக்க முடியாத வெறும் முலாமை ஹனஃபீ உலமாக்கள் தங்கமாகக் கணக்கிடுவதில்லை. பெண்கள் தங்கக் கடிகாரம் அணியலாம்.

3. போலி: பிரபல கம்பெனியின் பெயர் பொறித்த போலிக் கடிகாரத்தை அசல்போல் கட்டிக்கொண்டு திரிவது தகாது. தமக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதுபோல் காட்டுபவரைப் பொய்யாடை இரண்டை உடுத்தியவருக்கு ஒப்பிட்டு நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

4. விற்பனை: பழைய கடிகாரத்தின் முகப்புக்கு மறுபடி பெயின்ட் அடித்திருந்தாலோ, உள்ளே வேறு கடிகாரத்தின் பாகம் பொருத்தியிருந்தாலோ, விற்பவர் அதைச் சொல்லியே விற்க வேண்டும். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்து, மோசடியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு வியாபாரிகளுக்குத் தெரிந்ததே.

5. ஜகாத்: தங்கமோ வெள்ளியோ அல்லாத கடிகாரங்கள் சொந்த உபயோகத்துக்கு எனில் ஜகாத் இல்லை. ஆனால் விலை ஏறியதும் விற்று லாபம் பார்ப்போம் என்ற நிய்யத்தோடு வாங்கிச் சேர்த்தவை வியாபாரச் சரக்கு ஆகிவிடும். நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால், அன்றைய மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். பெட்டி நிறையக் கடிகாரம் வைத்திருப்போர் இதில் அலட்சியம் காட்டலாகாது. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் பகுதி ஆலிம்களிடம் விவரம் கேட்டுக்கொள்வார்களாக.

6. தொழுகையில் கவனம்: கோலங்கள் நிறைந்த ஒரு மேலாடை தொழுகையில் தம் கவனத்தை ஈர்த்ததால், நபி (ஸல்) அவர்கள் அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, கோலமில்லாத சாதாரண ஆடையை வாங்கி வரச் செய்தார்கள். கியாமில் நிற்கும்போது கண் கடிகாரத்துக்கே போகிறது என்றால், அதைக் கழற்றி வைப்பதே நலம்.

வீட்டில் தொடங்க வேண்டும்

இந்த நோய் பெண் வீட்டாரின் தலையிலும் விழுகிறது. மாப்பிள்ளைக்கு வாட்ச் கொடுப்பது அன்பளிப்பாக ஆரம்பித்து, 'இன்ன கம்பெனி வாட்ச்தான் வேண்டும்' என்ற நிபந்தனையாக முடிகிறது. கைக்கூலி வாங்கமாட்டோம் என்று சொல்லும் குடும்பத்தார்கூட, 'வாட்ச் மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும்' என்கிறார்கள். கடன் வாங்கிய தகப்பனாரின் வேதனை அந்த மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்திருப்பதை மாப்பிள்ளை உணர்வாரா? தாய்மார்களே, உங்கள் மகனிடம் இதை நிக்காஹ் பேச்சு நடக்கும் முன்பே எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சக மாணவனின் கடிகாரத்தைப் பார்த்து உங்கள் பிள்ளை சிரித்தான் என்று கேள்விப்பட்டால், விளையாட்டுத்தானே என்று விட்டுவிடாதீர்கள். பெருமை அங்கேதான் முளைவிடுகிறது.

நேரம் யாருடையது?

கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரே, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எழும்பவும் காரணமானவர். அங்கே கணிக்கப்பட்ட சென்னை நேரம் பல ஆண்டுகள் இந்திய ரயில்களுக்கே வழிகாட்டியது. 1906 சனவரி முதல் நாளில் இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னையின் சொந்த நேரம் அதற்குச் சுமார் 9 நிமிடம் பிந்தியது. அதனால்தான் இங்கே சூரியன் உச்சியைக் கடப்பது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அமைவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 11-52 மணி அளவிலும், பிப்ரவரி நடுவில் 12-23 மணி அளவிலும் உச்சி சாய்கிறது. லுஹருடைய வக்து நுழைகிறது.

இந்தக் கணக்கை எந்த விலையுயர்ந்த கடிகாரமாலும் ஒரு வினாடி முன்னே தள்ள முடியாது; பின்னே இழுக்கவும் முடியாது. நேரம் அல்லாஹ்வுடையது. கடிகாரம் அதைப் பார்த்துச் சொல்லும் ஓர் ஏவலாள் மாத்திரமே. ஏவலாளின் உடுப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டு, எஜமானனின் அழைப்பைத் தவறவிடலாமா? மறுமையில் நம் ஆயுளை எதில் கழித்தோம் என்று விசாரிக்கப்படுவோம் எனத் திர்மிதியில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தோம் என்பது அந்த விசாரணையில் இல்லை.

நல்லதை அணிவோம், நன்றி செலுத்துவோம், அணியாதவரை இழிவாக எண்ணாதிருப்போம். பாங்கோசை கேட்டவுடன் எழுந்து நிற்கும் உள்ளத்தையும், பெருமை அண்டாத கல்பையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.