பழைய லாரியா, பிஎஸ்6 லாரியா? கோபத்தை ஓரமா வச்சிட்டு கணக்கைப் பார்ப்போம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் சொந்தமா ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "சார், பழைய வண்டியைக் கொடுத்துட்டு புதுசு எடுக்கலாமா? ஆனா புதுசுல சென்சார் தொல்லை தாங்கலையாமே?"

அந்தப் புலம்பல் நியாயமானதுதான். பழைய வண்டி வழியில் நின்றால், பக்கத்துப் பட்டறை மெக்கானிக் பம்பையோ நாசிலையோ கழற்றிப் பார்த்துக் கிளப்பி விடுவார். புது வண்டியில் இன்ஜின் நன்றாக இருந்தாலும் ஒரு சின்ன சென்சார் போனால் போதும், பிக்கப் குறைந்து வண்டி ஊர்ந்து போகும். லேப்டாப்பை மாட்டிப் பார்க்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆனது? 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்தது. பிஎஸ்4 கனரக இன்ஜின் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடலாம் என்று இருந்ததை, இந்த விதி கிட்டத்தட்ட 0.4 கிராமாகக் குறைத்தது. அதற்காக வந்தவைதான் இரண்டு புதுச் சமாச்சாரங்கள். ஒன்று, ஆட்ப்ளூ. 32.5 சதவீதம் யூரியா கலந்த இந்தத் திரவம் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. இன்னொன்று, கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர். அந்தக் கரி எரிய நல்ல சூடு வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் சூடு ஏறாது, ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஆட்ப்ளூ தீர்ந்தாலோ கலப்படமாக இருந்தாலோ வண்டி தானாகவே வேகத்தைக் குறைக்கும்.

சரி, இப்போ கணக்குக்கு வாங்க. கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்க டைரியில் இருக்கும் தொகையைப் போட்டுப் பாருங்க.

பழைய வண்டி: கடன் முடிந்துவிட்டது. மாதம் 6,000 கி.மீ. ஓட்டம். வாடகையில் டீசல், டோல், பேட்டா, ரிப்பேர் எல்லாம் போக கி.மீ.க்கு 12 ரூபாய் நிற்கிறது. மாதம் கையில் ரூ.72,000.

புது வண்டி: மைலேஜ் கூடுதல், ரிப்பேர் குறைவு. ஆட்ப்ளூ செலவு போகவும் கி.மீ.க்கு 15 ரூபாய் நிற்கிறது. ஆனால் 35 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாத டியூ சுமார் ரூ.74,400.

அதே 6,000 கி.மீ. ஓட்டினால் வருவது ரூ.90,000. டியூ போக மிச்சம் ரூ.15,600 மட்டுமே. அந்த மாதம் ஒரு சென்சார் போய் வண்டி 4 நாள் நின்றால்? மாதம் 25 நாள் ஓட்டம் என்று வைத்தால் ஒரு நாள் இழப்பு ரூ.3,600, நாலு நாளுக்கு ரூ.14,400. வீட்டுக்குக் கொண்டுபோக மிஞ்சுவது ரூ.1,200. இதிலும் சென்சார் விலை, கட்டி இழுத்து வந்த கூலி சேரவில்லை.

பழைய வண்டியும் அதே 4 நாள் நின்றால் ரூ.11,520 போகும். ஆனாலும் கையில் 60,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். புரியுதுங்களா? சென்சார் மட்டும் நம்மை நோகடிக்கவில்லை. வண்டி நின்றாலும் டியூ நிற்காது, அதுதான் விஷயம்.

அப்போ புது வண்டியே வேண்டாமா? அப்படி இல்லை. பழைய வண்டி தரும் அதே 72,000 ரூபாய் கையில் நிற்க, புது வண்டி மாதம் சுமார் 9,760 கி.மீ. ஓட வேண்டும். ரிட்டர்ன் லோடோடு நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இது எட்டக்கூடிய தூரம். 5 வருடம் கழித்து வண்டியும் உங்க சொத்தாக நிற்கும். நீண்ட ஓட்டத்தில் ஃபில்டர் அடைப்பதும் குறையும். உள்ளூர் லோடை மட்டும் நம்பி எடுத்தால் சிக்கல்தான்.

பழைய வண்டிக்கும் வயது வரம்பு உண்டு. 12 வருடம் தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருடம்.

முடிவெடுக்கும் முன் நாலு விஷயம்:

1. கடந்த 12 மாத கி.மீ.யை எழுதிப் பாருங்க. "ஓடும்"னு நினைக்கும் கணக்கு வேண்டாம், ஓடிய கணக்கு வேண்டும்.

2. உங்க ரூட்டில் கம்பெனி சர்வீஸ் சென்டர் எத்தனை கி.மீ.க்கு ஒன்று இருக்கிறது என்று பாருங்க. விலையில் 50,000 ரூபாய் குறைப்பதைவிட இது முக்கியம்.

3. மூன்று மாத டியூவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு வண்டியை எடுங்க. எங்கள் உதாரணத்தில் அது சுமார் ரூ.2.25 லட்சம். முன்பணத்தோடு இதைக் கலக்காதீங்க.

4. "தேய்மானம் காட்டி வரி மிச்சம் பண்ணலாம்" என்று யாராவது சொன்னால் யோசிங்க. 10 வண்டிக்குள் வைத்து, 44ஏஇ என்று நாம் பழகிய முறையில் டன் கணக்கில் வருமானம் காட்டுகிறவர்களுக்கு, தேய்மானமும் வட்டியும் அதிலேயே அடங்கிவிட்டது. தனியாகக் கழிக்க முடியாது.

ஆட்ப்ளூவை ஏமாற்ற ஒரு கருவி மாட்டிக் கொடுப்பதாகப் பட்டறையில் சொல்வார்கள். அது சட்டவிரோதம், வாரண்டியும் போகும். மாதம் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் 35 லட்ச வண்டியைப் பணயம் வைக்காதீங்க.

இன்று ராத்திரி டைரியை எடுத்து, கி.மீ.க்கு உங்களுக்கு எத்தனை ரூபாய் நிற்கிறது என்ற ஒரே எண்ணைக் கண்டுபிடிங்க. அது தெரிந்த பிறகு ஷோரூமுக்குப் போனால் போதும்.