மூன்றாம் பருவத்துப் பள்ளி

நம் புலவர்கள் மக்கள் வாழ்வைப் பருவம் பருவமாகப் பகுத்துக் கண்டவர்கள். குழந்தைப் பருவம் ஒன்றனையே பத்தாகப் பகுத்துப் பாடுவது பிள்ளைத்தமிழ். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என மகளிர் பருவம் ஏழினை அமைத்துப் பாடுவது உலா. இவ்வேழனுள் இறுதியாகிய பேரிளம்பெண் பருவத்திற்கு எல்லை நாற்பது ஆண்டு என்பர். உலா காதலைப் பொருளாகக் கொண்ட நூலாதலின், நாற்பதுக்கு அப்பாற்பட்ட பருவங்களுக்குப் பெயர் வகுக்க அதில் இடமில்லை. ஆயினும், அறுபதும் எழுபதும் கடந்து நலமாக வாழ்வோர் ஊர்தோறும் மிகுந்துள்ள இந்நாளில், அப்பருவத்திற்கும் ஒரு பெயர் வேண்டும். பெயரினும் முதன்மையாக, அப்பருவத்தார்க்கு ஒரு பணி வேண்டும். அப்பெயரையும் பணியையும் ஒருங்கே தந்த ஒரு கல்வி முறையைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

நம் நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, பிறக்கும் குழந்தை ஒன்று வாழக்கூடும் என எதிர்பார்க்கப்பட்ட சராசரி வயது ஏறத்தாழ 32. இன்று அது ஏறத்தாழ 70. அக்காலத்தில் முதியோரே இல்லை என்பது இதன் பொருளன்று. பிறந்தாருள் பலர் இளமையிலேயே இறந்தனர், முதுமை காணும் வரை வாழ்ந்தோர் சிலரே என்பதே பொருள். இன்றோ, அறுபது வயதில் அலுவலை விட்டு ஓய்வு பெறும் ஒருவர் மேலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்வது இயல்பாகிவிட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் கழிக்கும் காலத்திற்கு இது குறைந்ததன்று. இத்துணை நெடிய காலத்தை வெறுமனே கழிப்பதா, விளைநிலமாக்குவதா என்பதே வினா.

இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவருள் ஒருவர் பீட்டர் லாசுலெட் என்னும் ஆங்கில வரலாற்றறிஞர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அவரும் அவருடைய துணைவர்களும், ஊர்தோறும் உள்ள கிறித்தவக் கோயில்களின் பழம் பதிவேடுகளைத் துருவினர். எவர் எப்பொழுது பிறந்தார், எப்பொழுது மணந்தார், எப்பொழுது மறைந்தார் என்னும் குறிப்புகளைத் தொகுத்து முற்கால மக்களின் வாழ்க்கையை வரைந்தனர். ஓய்வுக்குப் பின் பெரும்பாலோர்க்கும் நெடுங்காலம் நல்வாழ்வு வாய்ப்பது உலக வரலாற்றிலேயே புதியது என்பதை லாசுலெட் உணர்ந்தார். ஆதலின், அவர் மனித வாழ்வை நான்கு பருவங்களாக வகுத்தார். பிறரைச் சார்ந்து வளரும் இளமை முதற்பருவம். உழைத்துப் பொருளீட்டிக் குடும்பம் பேணும் காலம் இரண்டாம் பருவம். கடமைகள் முடிந்தபின் தன் அறிவும் விருப்பமும் நிறைவுறும் காலம் மூன்றாம் பருவம். உடல் தளர்ந்து மீண்டும் பிறரைச் சார்ந்திருக்கும் இறுதிக்காலம் நான்காம் பருவம். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் இக்கருத்தை விரித்துரைத்துள்ளார்.

மூன்றாம் பருவத்தார்க்கென முதன்முதல் கல்விச்சாலை அமைந்தது பிரான்சு நாட்டில். அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள தூலூசு நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பியேர் வெல்லாசு என்பவர், 1973ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றோர்க்குத் தம் பல்கலைக்கழகத்தின் கதவுகளைத் திறந்து வைத்தார். பேராசிரியர்கள் விரிவுரை ஆற்றினர். முதியோர் ஆர்வத்தோடு வந்து கேட்டனர். இம்முறை பிரான்சின் பிற நகரங்களுக்கும் அண்டை நாடுகளுக்கும் விரைந்து பரவியது. 1975ஆம் ஆண்டிலேயே போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவிலும் இத்தகைய கல்விச்சாலை ஒன்று தோன்றிற்று. 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்பது இவற்றின் பெயர்.

இக்கருத்து கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தபோது புதியதோர் உருவம் பெற்றது. 1981ஆம் ஆண்டில் லாசுலெட்டோடு மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் என்னும் இருவர் கூடி இதனை அங்கே நிலைநாட்ட முயன்றனர். யங் என்பவர், வீட்டிலிருந்தே பட்டப்படிப்புப் பயில வழிவகுத்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்னரே அக்கருத்தை நாட்டில் விதைத்தவர். மிட்வின்டர் அந்நாளில் முதியோர் நலம் பற்றி ஆராயும் நிறுவனம் ஒன்றின் இயக்குநராய் இருந்தவர். அம்மூவரும் பல்கலைக்கழகங்களின் பணத்தையோ பேராசிரியர்களின் ஓய்வு நேரத்தையோ எதிர்பார்க்கவில்லை. ஓய்வு பெற்றோர் கூட்டத்திலேயே ஆசிரியரும் பொறியாளரும் மருத்துவரும் தோட்டக்கலை வல்லாரும் தையற்கலை வல்லாரும் நிறைந்திருக்க, ஆசிரியரை வெளியே தேடுவானேன் என்று அவர்கள் எண்ணினர். கற்போரே கற்பித்தல் வேண்டும். கற்பிப்போரும் கற்றல் வேண்டும் என்பதே லாசுலெட் வகுத்த கோட்பாட்டின் உயிர்நிலை. 1982ஆம் ஆண்டு முதல் இவ்வியக்கம் அந்நாட்டின் பல ஊர்களில் வேரூன்றியது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்க்கிளைகளும் ஏறத்தாழ நான்கு லட்சம் உறுப்பினரும் கொண்டு தழைத்து நிற்கின்றது.

இக்கிளை ஒன்று நடைபெறும் வகையைச் சிறிது காண்போம். இதற்கெனத் தனிக் கட்டடம் இருப்பதில்லை. உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கூடமோ, ஊர்ப் பொது மண்டபமோ, நூல்நிலையமோ, கோயிலைச் சார்ந்த கூடமோ வகுப்பறையாகின்றது. சேர்வதற்கு எந்தப் பட்டமும் வேண்டுவதில்லை; முடிவில் எந்தப் பட்டமும் வழங்கப்பெறுவதுமில்லை. தேர்வு இல்லை; மதிப்பெண் இல்லை. கற்பிப்போர்க்கு ஊதியம் இல்லை. இடத்தின் வாடகைக்கும் தேநீர்ச் செலவுக்குமாக உறுப்பினர் செலுத்தும் சிறு சந்தாவே வருவாய். மாதந்தோறும் அனைவரும் கூடும் பொதுக்கூட்டம் ஒன்று நிகழும். அதனையன்றி, பொருள்தோறும் சிறுசிறு குழுக்கள் கிழமை வரையறுத்துக் கூடும். வரலாறு, அயல்மொழி, இசை, வானநூல், நிலவியல், பறவை நோக்கல், கணிதம், நடைப்பயணம் எனக் குழுக்கள் பலவாம்.

ஒரு குழு தோன்றுவதும் எளிதே. ஒருவர் தமக்குத் தெரிந்ததை அறிவிப்பார். அதனைக் கற்க விழைவோர் தம் பெயரைத் தருவர். பத்துப்பேர் சேர்ந்தால் வகுப்புத் தொடங்கிவிடும். எடுத்துக்காட்டாக, வங்கியில் கணக்கராயிருந்த மூதாட்டி ஒருவர் திங்கட்கிழமை பிரெஞ்சு மொழி கற்பிப்பார். அவரிடம் பாடங்கேட்ட பழைய இருப்புப்பாதை ஊழியர் வியாழக்கிழமை விண்மீன்களைப் பற்றி விளக்குவார். அப்பொழுது அம்மூதாட்டி மாணாக்கராய் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். ஒரு பொருளில் வல்லவர் எவரும் இல்லையாயினும் வகுப்பு நின்றுவிடுவதில்லை. ஆளுக்கு ஒரு பகுதியைப் படித்து வந்து ஒருவர்க்கொருவர் உரைத்து அனைவரும் ஒருங்கே கற்பர். சில கிளையினர் அருங்காட்சியகம், ஆவணக்களரி முதலிய நிலையங்களோடு கூடி, சில வாரங்கள் உழைத்து ஊர் வரலாற்றை ஆராய்ந்து தருவதும் உண்டு.

தேர்ந்த ஆசிரியர் இல்லாத வகுப்பில் கல்வி ஆழம் பெறுமா என்று சிலர் ஐயுறுவர். அந்த ஐயம் நேர்மையானதே. ஆயினும், கற்போன் கற்பிக்கும் முறை நமக்குப் புதியதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையோர்க்குப் பாடஞ்சொன்னதை முதியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் நிறுவப்பெற்ற, படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார். இந்நாட்டுச் சிறுவர்கள் மணலில் எழுத்தெழுதிப் பயிலும் முறையைக் கண்டு அவர் தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். அத்தோடு மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கவும் செய்தார். தம் பட்டறிவை 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்துப் பள்ளிகள் பலவற்றில் அது பின்பற்றப்பட்டது. முதியோர் கல்வி இயக்கம் அதிலிருந்து பிறந்ததன்று. எனினும், இரண்டும் ஓர் உண்மையையே காட்டுகின்றன. ஒன்றைப் பிறர்க்கு உணர்த்த முற்படும்பொழுதே அது நமக்கு முழுதும் விளங்குகின்றது. நீங்கள் உங்கள் தோழனுக்கு ஒரு கணக்கை விளக்கிய நாளில் இதனை உணர்ந்திருப்பீர்கள்.

மேலும், முதியோர் வகுப்பின் பயன் பாடத்தோடு முடிவதில்லை. நாற்பது ஆண்டு ஒரு தொழிலில் நின்று, பிறர் தம்மை நாடி வரப் பழகியவர், ஓய்வு பெற்ற மறுநாளே நாடுவாரின்றித் தனித்துவிடுகின்றார். பிள்ளைகள் தொலைவூர் சென்றுவிடின் அத்தனிமை இரட்டிப்பாகின்றது. அவர்க்கு உண்டியும் உறையுளும் குறைவின்றி இருக்கலாம். 'என்னால் எவர்க்கும் பயனில்லை' என்னும் எண்ணத்தை அவை போக்கமாட்டா. வாரம் ஒருநாள் பத்துப்பேர் அவர் சொல்லுக்காகக் காத்திருப்பர் எனின், அவ்வெண்ணம் தானே விலகும். முதியோர்க்கு உதவி செய்வது நன்று. அவர்களிடம் உதவி பெறுவது அதனினும் நன்று.

இனி, இம்முறையின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. இளமையில் கல்வி வாய்த்தவர்களே இக்கழகங்களை மிகுதியும் நாடி வருகின்றனர். கல்வி வாய்க்காதவர், 'நமக்கு அங்கே என்ன வேலை?' என்று ஒதுங்கிவிடுகின்றனர். செயலாளர், பொருளாளர் முதலிய பொறுப்புகளை ஏற்க முன்வருவோரும் எளிதிற் கிடைப்பதில்லை. அனைவரும் கேட்க விரும்பிச் செய்ய விரும்பாராயின், ஊதியமின்றி நடைபெறும் எந்த அமைப்பும் நெடுநாள் நில்லாது. முதற்குறைக்கு விடை காண, எழுத்தறிவே மறுக்கப்பட்ட முதியோரை நாம் நோக்குதல் வேண்டும். அத்தகையோர் நம் நாட்டில் மிகப் பலர். பெண்கள் அவருள் பெரும்பகுதியினர்.

மகாராட்டிர மாநிலத்துத் தாணே மாவட்டத்தில் பாங்கணே என்றொரு சிற்றூர் உளது. அவ்வூர் மூதாட்டியர், ஏனையோர் நூல் படிக்கக் கண்டு, தாமும் படிக்க இயலவில்லையே என ஏங்கினர். அவ்வேக்கத்தை உணர்ந்த யோகேந்திர பாங்கர் என்னும் பள்ளி ஆசிரியர், 2016ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், உலக மகளிர் நாளன்று, 'பாட்டிமார் பள்ளி' என்னும் பொருள்படும் பெயரோடு அவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அறுபது முதல் தொண்ணூறு வயது வரையிலான பெண்கள் இளஞ்சிவப்புச் சேலை சீருடையாக உடுத்து, பையைத் தோளிலிட்டு, வீட்டு வேலை முடிந்த பிற்பகலில் பள்ளிக்கு வந்தனர். அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவ்வூர் மருமகள் ஒருவர். அவருடைய மாமியாரும் அவ்வகுப்பில் மாணவி. கைப்பெருவிரலில் மை தடவி வந்தோர் தம் பெயரைத் தம் கையால் எழுதத் தொடங்கினர். ஒப்பமிடும் தாளில் எழுதியிருப்பது யாதென்று அறியாமல் விரல் பதிப்பவர் நிலமும் பொருளும் இழந்த செய்திகள் நாம் அறியாதனவல்ல. ஆகவே, அப்பெண்களுக்கு எழுத்து என்பது பொழுதுபோக்கு அன்று, காப்பு.

கேரள மாநிலத்தில் கார்த்தியாயினி அம்மா என்னும் மூதாட்டியார் 2018ஆம் ஆண்டில், தம் 96ஆம் வயதில், மாநில எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். அடுத்த ஆண்டு பாகீரதி அம்மா என்பவர் 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வினை எழுதி வென்றார். இருவர்க்கும் 2020ஆம் ஆண்டில் நடுவணரசின் 'நாரி சக்தி' விருது அளிக்கப்பெற்றது. இருவரும் இன்று இல்லை. ஆயினும், கற்பதற்கு வயது கடந்துவிட்டது என்று கூறும் உரிமையை அவர்கள் எவர்க்கும் விட்டுச் செல்லவில்லை.

மாணவர்களே! நடுவணரசு 2022 முதல் 2027 வரையிலான காலத்திற்கு வகுத்த எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வத் தொண்டரையே ஆசிரியராகக் கொண்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டு எழுத்தறியாதோர் எவராயினும் அதிற் கற்கலாம். ஆதலின், இப்பணி உங்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை. உங்கள் தெருவில் எழுத்தறியாப் பாட்டி ஒருவர் இருப்பாராயின், நாளும் அரைமணி நேரம் அவர் அருகில் அமர்ந்து, முதலில் அவர் பெயரை எழுதக் கற்பியுங்கள். பேருந்தின் பலகையையும், மருந்துச் சீட்டையும், வங்கிப் புத்தகத்தையும் அடுத்துப் படிக்கச் செய்யுங்கள். அவர் பிழை செய்தால் நகையாதீர்கள். நீங்கள் முதன்முதல் 'அ' எழுதிய நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

கற்பித்து முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். இப்பொழுது மாணாக்கராகும் முறை உங்களுடையது. நாழியும் மரக்காலும் கொண்டு நெல்லளந்த கணக்கு, ஏரியின் எந்த மடை எந்த வயலுக்குப் பாயும் என்னும் செய்தி, விதையைப் பூச்சி அரிக்காமல் காத்த வகை, எந்த நோய்க்கு எந்தக் கீரை என்னும் அறிவு, தாலாட்டு, விடுகதை, பழமொழி எனப் புத்தகம் ஏறாத கல்வி அவரிடம் நிறைந்திருக்கும். அவற்றைக் கேளுங்கள், உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதை அவரே எழுத்துக்கூட்டிப் படித்துப் பிழை திருத்தும் நாள் வருமாயின், உங்கள் வீட்டுத் திண்ணையே மூன்றாம் பருவத்துப் பள்ளி ஆகிவிடும்.