தரையைச் சாய்த்தால் பந்து ஓடும்: மவுஸ் பழக ஒரு விளையாட்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் மவுஸ் கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். திணறுவது பெரியவர்கள்தான். அம்புக்குறியை ஒரு சிறிய பட்டனில் நிறுத்தப் போனால் அது தாண்டிப் போகும். திரும்ப இழுத்தால் இந்தப் பக்கம் தாண்டும்.

என் அப்பா புதுச்சேரியில் ஒரு மில்லில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் விரல்கள் அவருடையவை. வீட்டு மின்கட்டணத்தைக் கம்ப்யூட்டரில் தானே கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். மூன்று முறை தவறான பட்டனில் கிளிக் செய்துவிட்டு, "இனி நீயே கட்டிடுப்பா" என்று எழுந்து போய்விட்டார். நான் பாடம் நடத்திப் பார்த்தேன், சண்டைதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்ததுதான் 'நெவர்பால்' என்ற இந்த விளையாட்டு.

என்ன விளையாட்டு இது?

வீராம்பட்டினம் தேர்த் திருவிழாக் கடைகளில் சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கியிருப்பீர்கள். உள்ளே இரண்டு மூன்று குட்டி இரும்புக் குண்டுகள் இருக்கும். டப்பாவை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குண்டுகளைக் குழிக்குள் உட்கார வைக்க வேண்டும். இந்த வகை விளையாட்டை 1889-ல் அமெரிக்காவில் சார்லஸ் கிராண்டல் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் விற்று ஊரையே பைத்தியமாக அடித்தார். 1946-ல் ஸ்வீடனின் பிரியோ நிறுவனம் மரப்பெட்டியில் இரண்டு திருகுகள் வைத்து 'லேபிரிந்த்' என்று வெளியிட்டது. ஒரு திருகு பலகையை இட வலமாகச் சாய்க்கும். மற்றது முன் பின்னாக.

கம்ப்யூட்டரில் வரும்போது அந்தப் பலகை ஆகாயத்தில் தொங்கும் பாதையாகிவிட்டது. 2001-ல் செகா வெளியிட்ட 'சூப்பர் மங்கி பால்' விளையாட்டின் வழியில், ராபர்ட் கூய்மா என்பவர் 2003-ல் நெவர்பாலை வெளியிட்டார். காசு கிடையாது; புரோகிராமின் மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பந்தை நீங்கள் தொட முடியாது, தரையை மட்டுமே சாய்க்கலாம். வழியில் கிடக்கும் நாணயங்களில் மஞ்சளுக்கு 1, சிவப்புக்கு 5, நீலத்துக்கு 10. தேவையான அளவு சேர்ந்ததும் வெளியேறும் வாசல் திறக்கும். நேரம் முடிவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும். விளிம்பைத் தாண்டினால் பாதாளம்தான்.

இன்ஸ்டால் செய்யும்போது

நெவர்பால் டாட் ஆர்க் என்ற சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடுங்கள். இலவச கேம் என்று தேடினால் முன்னால் வந்து நிற்கும் மற்ற தளங்கள் வேண்டாத புரோகிராம்களையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடக்கூடும். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு அதன் மென்பொருள் பட்டியலிலேயே இருக்கிறது. பந்து இழுத்து இழுத்து நகர்ந்தால் முதலில் கிராபிக்ஸ் டிரைவர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் ஆப்ஷன்ஸ் பகுதியில் பிரதிபலிப்பு, நிழல், பின்னணி மூன்றையும் நிறுத்திவிடலாம். லேப்டாப்பின் டச்பேடில் விளையாட வேண்டாம். ஒரு மவுஸ் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

மவுஸ் நிற்கும் இடமே சாய்வு

முதலில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. பந்தை இழுப்பதாக நினைத்துக்கொண்டு, அது போக வேண்டிய பக்கம் மவுஸைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். நெவர்பாலில் மவுஸ் நகர்ந்த அளவுக்குத் தரை சாயும். மவுஸை அங்கேயே நிறுத்தினால் சாய்வும் அப்படியே நிற்கும், பந்து வேகம் கூடிக்கொண்டே போகும். தரை சமமாக வேண்டுமென்றால் மவுஸைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.

திசைகளுக்குப் புதுச்சேரித் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். நேரு வீதி கடற்கரைப் பக்கமாகக் கிழக்கே ஓடுகிறது, மிஷன் வீதி அதைக் குறுக்கே வெட்டி வடக்கு தெற்காகப் போகிறது. தரைச் சாய்வும் இப்படி இரண்டு அளவுகள்தான். பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் நான் பழகிய பால் மவுஸ்களின் வயிற்றிலும் ஒரு ரப்பர் உருண்டையும், அதைக் குறுக்கும் நெடுக்குமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உருளைகளும் இருந்தன. அழுக்கு சேர்ந்தால் சுரண்டி எடுப்போம்.

சாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்ட பிறகும் மவுஸைத் தள்ளினால் தரை மேலும் சாயாது. ஆனால் உங்கள் நடு இடம் மேசையில் தள்ளிப் போய்விடும். மவுஸைத் தூக்கி வைத்தாலும் இதே கதைதான். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பினால் தரை எதிர்ப்பக்கம் சாய்ந்து பந்து விழும். அப்பா முதல் வாரம் முழுக்க விழுந்தது இதனால்தான். கை முழுவதையும் வீசாமல், மணிக்கட்டை மேசையில் ஊன்றி விரல்களால் மட்டும் நகர்த்துங்கள். அம்புக்குறி விசைகளாலும் ஆடலாம். ஆனால் அதில் நுணுக்கமாகச் சாய்க்க வராது.

நிறுத்துவதுதான் வித்தை

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். நிஜமான இரும்புக் குண்டு ஒன்றை 5 டிகிரி சரிவில் விட்டால் முதல் விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் உருளும். இரண்டாவது விநாடி முடிவதற்குள் 120 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு.

ஒரு விநாடி கழித்துத் தரையைச் சமமாக்கினால் குண்டு நிற்குமா? நிற்காது. வேகம் கூடுவது மட்டும்தான் நிற்கும். சேர்ந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் அதே அளவு எதிர்ப்பக்கம், அதே ஒரு விநாடி சாய்க்க வேண்டும். திரையில் எண்கள் மாறலாம், வழி இதுதான். விளிம்பு வந்த பிறகு பதறி இழுக்காமல், பாதி வழியிலேயே எதிர்ச் சாய்வைத் தொடங்குங்கள்.

மூலநிரலைப் பார்த்தபோது எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. கணக்கில் தரை சாய்வதே இல்லை! புவியீர்ப்பின் திசையைத்தான் புரோகிராம் திருப்புகிறது. தரை சாய்ந்ததுபோல் காட்டுவது படம் மட்டுமே. ஆயிரக்கணக்கான மூலைகளைத் திருப்புவதைவிட ஒரே ஒரு திசையைத் திருப்புவது சுலபம், பந்துக்கும் இரண்டும் ஒன்றுதான்.

வளைவுகளில் மவுஸின் இடது, வலது பட்டன்களை அழுத்திப் பிடித்தால் பார்வை சுழலும். பாதை எப்போதும் நேர் எதிரே தெரியும்படி திருப்பிக்கொண்டு ஓட்டுங்கள். எஸ்கேப் விசை ஆட்டத்தை நிறுத்தி வைக்கும். ஈஸி தொகுப்பிலேயே சில வாரம் இருங்கள். 'சேலஞ்ச்' முறையில் மூன்று பந்துகள்தான். 100 நாணயம் சேர்த்தால் இன்னொன்று கிடைக்கும். அவசரமில்லை.

செல்போனிலும் இதே வகை விளையாட்டு உண்டு. போனுக்குள் இருக்கும் முடுக்கமானி என்ற சிப்பில், மெல்லிய சிலிக்கான் வில்லில் தொங்கும் ஒரு துணுக்கு, போன் சாயும்போது இம்மி நகர்கிறது. அதிலிருந்து சாய்வு கணக்கிடப்படுகிறது. 2008-ல் ஐபோனுக்கு வந்த 'லேபிரிந்த்' அப்படிப்பட்டது. நன்றாகவே இருக்கும், ஆனால் மவுஸ் பழக உதவாது.

அப்பா ஈஸி தொகுப்பை இன்னும் முடிக்கவில்லை. சிவப்பு நாணயத்துக்கு ஆசைப்பட்டு விழுவது அவர் வழக்கம். போன முறை மின்கட்டணத்தை அவரே கட்டி, ரசீதைப் பிரிண்ட் எடுத்து என் மேசையில் வைத்திருந்தார். இப்போது நெவர்பாலுடன் சேர்ந்தே வரும் 'நெவர்புட்' என்ற குட்டி கோல்ஃப் ஆட்டத்துக்குத் தாவிவிட்டார். ஒரே மவுஸை மாற்றி மாற்றிப் பிடித்து நான்கு பேர் வரை ஆடலாம். அக்கா மகள் விடுமுறைக்கு வந்தால் மாலையில் கம்ப்யூட்டர் எனக்குக் கிடைப்பதில்லை.