முதல் கீமோவுக்குப் போகும் தம்பிக்கும் தங்கைக்கும்

கழுத்தில் தோன்றிய கட்டி ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று நிச்சயமானபோது நான் இன்னும் இருபதுகளின் நடுவில்தான் இருந்தேன். அதனால் வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் மிகுந்த வாத்சல்யத்தோடு, டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றையெல்லாம் என் சார்பில் தாங்களே கேட்கலானார்கள். அந்த அன்பை நான் இன்றும் போற்றுகிறேன். ஆயினும், கீமோதெரபியின் முதல் சுற்றைக் கடந்து வந்தவன் என்ற முறையில், இதே வயதில் அதே வாசலில் நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நான் முதலாவதாகச் சொல்ல விரும்புவது, வியாதி உங்கள் தேகத்துக்கு வந்திருக்கிறபடியால் அதைப் பற்றிய கேள்விகளையும் நீங்களே கேளுங்கள் என்பதுதான். ஏனெனில், பெற்றோர் வாயில் எளிதில் வராத கேள்வி ஒன்று உண்டு, சிகிச்சை தொடங்கிய பிறகு அதைக் கேட்பதில் பயன் மிகவும் குன்றிவிடுகிறது.

பிற்காலத்தில் குழந்தை பெறும் சக்தி என்னவாகும் என்பதே அந்தக் கேள்வி. விவாகமாகாத பிள்ளையின் முன்னிலையில் அதைப் பேசத் தாய் தந்தையருக்கு நா எழுவதில்லை. பிழைத்து வந்தால் போதும் என்ற தவிப்பில் அது அவர்கள் நினைவுக்கே வராமலும் போகலாம். அம்மாவைச் சற்றே வெளியில் இருக்கும்படி வேண்டிக்கொண்டு நான் கேட்டேன். ஏ.பி.வி.டி. என்னும் நான்கு மருந்துச் சிகிச்சையால் அந்தச் சக்திக்கு நேரும் ஆபத்து குறைவு என்றும், ஆனால் பின்னர் வேறு கடுமையான மருந்துகள் தேவைப்பட்டால் அந்த உறுதி நிற்காது என்றும், ஆகையால் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைப்பது விவேகம் என்றும் டாக்டர் நிதானமாக விளக்கினார். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் அதைப் பல்லாண்டுகள் காத்து வைக்கிறார்கள். ஆண்களுக்கு ஓரிரு நாளில் முடிகிற காரியம் இது. பெண்களுக்கோ கருமுட்டை எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஊசி மருந்து வேண்டியிருப்பதால், அத்தனை நாள் கீமோவைத் தள்ளிவைக்க வியாதி இடங்கொடுக்குமா என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே தங்கைமார் இதை இன்னும் முந்திக் கேட்பது அவசியம். சங்கோசம் இயற்கையே, அது சில நிமிஷத்தில் கழிந்துவிடும்.

1970-களில் இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனாவும் அவருடைய சகாக்களும் வகுத்த இந்த ஏ.பி.வி.டி. முறையில், 28 நாள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் நான்கு மருந்துகள் நரம்பு வழியே ஏறுகின்றன. முதலில் குமட்டலைத் தடுக்கும் ஊசி; அப்புறம்தான் மற்றவை. அந்த நான்கில் டாக்ஸோரூபிஸின் செக்கச் சிவந்த நிறமுடையது. அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு ரத்தம் என்று நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மருந்து நரம்பைவிட்டுத் தசையில் கசிந்தால் அவ்விடத்தையே புண்ணாக்கிவிடக் கூடியதாகையால், ஊசி குத்திய இடத்தில் சிறிது எரிச்சலோ வீக்கமோ தோன்றினாலும் அந்த க்ஷணமே சிஸ்டரை அழைத்துச் சொல்லுங்கள். இளம் வயதில் வலியைப் பொறுப்பது ஒரு கௌரவமாகத் தோன்றும். இந்த நாற்காலியில் அந்தக் கௌரவத்துக்கு இடமில்லை. டகார்பசின் வெளிச்சத்தில் கெடுவதால் பையை மூடித் தொங்கவிடுவார்கள். அது கை நெடுகக் காந்துவதுண்டு. டிரிப்ஸின் வேகத்தைக் குறைத்து, கைமேல் வெதுவெதுப்பான ஒத்தடம் வைத்தபோது எனக்கு அந்தக் காந்தல் பெரிதும் அடங்கிற்று, கேட்டால்தான் செய்வார்கள். பிளியோமைஸின் ஏறிய இரவில் குளிரும் ஜுரமும் வரக் கூடும். அந்த மருந்து உள்ளிருக்கும் காலத்தில் தோலைச் சொறிந்தால் சொறிந்த கோடெல்லாம் கறுத்துப் போய் மாதக்கணக்கில் மறையாதிருப்பதும் உண்டு.

நான்காவது மருந்தான வின்பிளாஸ்டின், நம் வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. நீரிழிவுக்கு நல்லதென்று ஜமைக்கா மக்கள் குடித்து வந்த அதன் இலைக் கஷாயத்தை ஆராயப் புகுந்த கனடா நாட்டு விஞ்ஞானிகளான ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், அது ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டு, 1958-இல் இந்த மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இவ்விஷயத்தை அறிந்த நம் உறவினருள் யாரேனும் ஒருவர், 'அந்த இலையையே அரைத்துக் குடித்துவிடேன்' என்று பரிவோடு சொல்லக் கூடும், என்னிடமும் சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இலையில் அந்தச் சத்து மிக மிகச் சொற்பமாக, வேறு பல நச்சுப் பொருள்களோடு கலந்து கிடக்கிறது. மில்லிகிராம் கணக்கில் தேக அளவுக்கேற்ப நிறுத்துத் தருகிற ஒன்றை அம்மியில் அரைத்து அளக்க முடியாது.

ஆகாரத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை, கீமோ நாளில் உங்களுக்குப் பிரியமான பதார்த்தம் எதையும் உண்ணாதீர்கள் என்பது. சாப்பிட்ட பின் குமட்டல் வந்தால், மருந்தினால் வந்தது என்பதை அறிவு அறிந்திருந்தும், உடல் அந்த உணவையே குற்றவாளியாக்கிப் பல மாதம் வெறுத்துவிடுகிறது. 1978-இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், கீமோவுக்கு முன் ஐஸ்கிரீம் உண்ட குழந்தைகள் பிறகு அதையே ஒதுக்கியதைக் காட்டியிருக்கிறார். இதை அம்மாவுக்குச் சொல்வது எனக்குக் கடினமாகவே இருந்தது. பிள்ளை கஷ்டப்படும் நாளில் அவனுக்குப் பிடித்த வற்றல் குழம்பை வைத்துத் தர வேண்டுமென்றுதானே தாயுள்ளம் துடிக்கும்! அன்றைக்கு வெறும் பிஸ்கட்டும் இட்லியும் போதும், குழம்பை அடுத்த வாரத்துக்கு வைத்திரு அம்மா என்று கேட்டுக்கொண்டேன். சூடான சோற்றின் ஆவி குமட்டலைக் கிளப்புவதால், எதையும் ஆறவிட்டு உண்பது நலம்.

குமட்டலுக்கு எல்லோரும் எச்சரிக்கிறார்கள். மலச்சிக்கலுக்கு எச்சரிப்பவர் இல்லை. வின்பிளாஸ்டினும் வாந்தியைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்து குடலை மந்தமாக்கிவிடுவதால், முதற் சில நாள் எனக்கு அதுவே பெரும் உபத்திரவமாயிற்று. இளக்கும் மருந்தை டாக்டரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்கி, உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் பலமுறை கொப்பளிப்பது வாய்ப்புண்ணைத் தணிக்கும். முடி உதிர்வது ஏறக்குறைய இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது.

இவை யாவற்றிலும் பெரியது ஜுரத்தைப் பற்றிய எச்சரிக்கை. வெள்ளணுக்களின் கவுண்ட் பொதுவாக 7-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் இடையில் மிகவும் தாழ்ந்து போகிறது. உடம்பு தேறிவிட்டது, சினிமாவுக்குப் போகலாம் என்று தோன்றும் நாட்களும் அவையேயாதலால் இளைஞர்கள் ஏமாந்து போக ஏதுவுண்டு. தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காட்டினால், அர்த்தராத்திரியாயினும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்றிருப்பது, உள்ளே வளரும் தொற்றை மறைத்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். கீமோ எடுப்பவர் என்பதை நுழைந்தவுடன் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நோயாளியைப் பார்க்கச் செல்வதை ஒரு கடமையாகவே கருதும் நம் சமூகத்தில், இந்த வாரத்தில் யாரையும் வரவேண்டாமென்று சொல்வது பெற்றோருக்குத் தர்மசங்கடம்; 'டாக்டர் உத்தரவு' என்ற ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் அவர்களால் மனம் நோகாமல் சொல்ல முடிகிறது.

ஜுரம், குமட்டல், உறக்கம், மலம், கையெரிச்சல் ஆகியவற்றை நாளும் நேரமும் குறித்து ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அடுத்த ஊசிக்கு முன் டாக்டர் அதைப் படித்துப் பார்த்து, குமட்டலுக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்த்து, இளக்கும் மருந்தை அன்று மாலையே தொடங்கச் சொல்லி, டகார்பசினை மெதுவாக ஏற்றும்படி சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். இரண்டாவது ஊசி முதலாவதைவிட எனக்கு மிகவும் இலகுவாகக் கழிந்தது.