ஏரிக்கரைப் பாதை எல்லோருக்கும் பொது



வாரத்தில் 150 நிமிடமாவது வேகமாக நடந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க உதவும். பீர்க்கன்கரணை போன்ற ஊர்களில் அதற்கு ஏரிக்கரை நல்ல இடம். ஆனால் கரைப் பாதை குறுகலானது. நடப்பவர், ஓடுபவர், சைக்கிள்காரர், நாயுடன் வருபவர் எல்லோரும் அதிலேதான் போகணும்.

நடப்பவர்கள்: கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே நடங்கள், பாதையை அடைக்காதீர்கள். பின்னால் மணி கேட்டால் இருவரும் ஒரே பக்கம் ஒதுங்குங்கள். ஆளுக்கொரு பக்கம் போனால் சைக்கிள்காரர் தடுமாறுவார்.

ஓடுபவர், சைக்கிள்காரர்: தூரத்திலேயே குரலோ மணியோ கொடுங்கள். கர்ப்பிணி, முதியவர், குழந்தை அருகில் வேகத்தைக் குறையுங்கள்.

நாய் வளர்ப்போர்: "எங்க நாய் கடிக்காதுங்க" என்றால் போதாது. ஓடும் காலைக் கண்டால் சாது நாயும் துரத்தும். ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள்.

கடித்துவிட்டால்: சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவர்கள் சொல்லும் நாட்களில் ஒரு ஊசியையும் விடாதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். வெறிநோய் கண்டபின் பிழைப்பது மிக அரிது.

ஒதுங்கி வழிவிடுவோம், ஒருவரும் விழாமல், கடிபடாமல் வீடு திரும்புவோம்.