கடைக் கணக்கும் கடல் கடந்த கல்வியும்



கல்வியைத் தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்பதை நம்மில் அறியாதார் இல்லை. ஆயினும், "வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்க நாமென்ன லட்சாதிபதிகளா?" என்ற கேள்வி புக்கிட் செலம்பாவில் கடை வைத்திருக்கும் நம்மவர் வாயில் அடிக்கடி வருகிறது. இதற்கு விடை காண்பதே இம்மாதப் பாடம்.

நமது கெடா மாநிலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1903இல் அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், கெடா அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் பயின்று 1925இல் பட்டம் பெற்றார். 1957இல் மலாயாவின் முதற் பிரதமரும் ஆனார். அவர் சுல்தானின் குமாரர். அன்று அரச குமாரருக்குத் திறந்த கதவு, இன்று மளிகைக் கடைக்காரர் மகனுக்கும் துணிக்கடைக்காரர் மகளுக்கும் திறந்திருக்கிறது. உள்ளே நுழைவதற்கு வேண்டிய தகுதியில் பாதி பிள்ளையின் மதிப்பெண்ணில் இருக்கிறது. மறுபாதி தகப்பனாரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

எங்கெங்கே கிடைக்கும்?

நம் நாட்டில் மாராவின் உதவி பூமிபுத்திரருக்கென ஏற்பட்டது. நம்மவரிற் பலருக்கு அது எட்டுவதில்லை. வட்டிக் கடன் வாங்கவோ மனம் இடந்தராது. ஆகவே, திருப்பிச் செலுத்த வேண்டாத உதவிகளை முதலில் அறிவோம்.

துருக்கி அரசின் 'துர்கியே புர்ஸ்லாரி' 2012 முதல் இப்பெயரில் நடைபெறுகிறது. படிப்புக் கட்டணம், தங்குமிடம், மாதப்படி, விமானச் சீட்டு யாவும் அதில் அடங்கும். துருக்கி மொழியை முதலாண்டில் அவர்களே கற்பிக்கிறார்கள். பட்டப் படிப்புக்கு வயது 21க்குள் இருக்க வேண்டும். மதிப்பெண் நூற்றுக்கு 70 வேண்டும். மருத்துவத்துக்கு 90 வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஏற்கப்படுகிறது.

ஜப்பான் அரசின் 'மெக்ஸ்ட்' உதவிக்குக் கோலாலம்பூரிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு. மார்க்கக் கல்வியை நாடுவோருக்கு 1961இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமிய சர்வகலாசாலை, பயில வரும் வெளிநாட்டு மாணாக்கரின் செலவை ஏற்கிறது. பட்டம் பெற்று இரண்டாண்டு வேலை பார்த்தவர், ஓராண்டு மேற்படிப்புக்குப் பிரிட்டிஷ் அரசின் 'செவனிங்' உதவியை நாடலாம். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தை நம்மூரில் யாவரும் அறிவர். அதே பெயருடைய அமெரிக்க சர்வகலாசாலை, வெளிநாட்டு மாணாக்கரின் பண வசதியைப் பார்த்து இடம் மறுப்பதில்லை. 2025-26 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்கு, அதாவது ஏறக்குறைய நான்கு லட்சம் வெள்ளிக்கு, மேற்படாத சாதாரணச் சொத்துடைய குடும்பங்களிடம் படிப்புக்கோ உணவுக்கோ தங்குமிடத்துக்கோ அது பணம் வாங்குவதில்லை. யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட் ஆகியனவும் பண வசதியைப் பார்த்து இடம் மறுப்பதில்லை. ஆனால் ஹார்வார்டில் விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐவர்கூடச் சேர்க்கப்படுவதில்லை என்பதையும் மறைக்க மாட்டோம். அதை மட்டுமே நம்பியிராமல், மூன்று நான்கு இடங்களுக்கு விண்ணப்பிப்பதே விவேகம்.

மறுபாதி யாருடைய வேலை?

நாம் அறிந்த ஒரு கடைக்காரர் உண்டு. நாணயமானவர், தராசில் ஒரு குந்துமணி குறைத்தவரல்லர், ஆண்டுதோறும் ஜகாத்தும் கொடுப்பவர். அவருடைய மகன் நன்றாகப் படித்தான். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று தகப்பனாரின் வருமானத்துக்கு அத்தாட்சி கேட்டது. அவரிடம் இருந்ததோ கடன் சிட்டை ஒன்றே. கொள்முதலும் விற்பனையும் அவர் மனத்திலும் கல்லாப்பெட்டியிலுமே இருந்தன. அத்தாட்சி தயாராவதற்குள் கெடு கடந்துவிட்டது. "அத்தா, பரவாயில்லை" என்றான் பையன். அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

குடும்பத்தின் தேவையறிந்து உதவும் கல்லூரிகள், கடையின் வரவு செலவையும் வரிப் படிவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. வரி இலாகாவுக்கு ஒரு கணக்கு, பேங்கில் கடன் கேட்க ஒரு கணக்கு, கல்லூரிக்கு ஒரு கணக்கு என்று வைத்திருப்போர் இங்கே அகப்பட்டுக் கொள்வர். உதவி பெறுவதற்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், உண்மையில் வறிய வேறொரு பிள்ளையின் பங்கை எடுத்தவராவோம். நம் நபி (ஸல்) அவர்கள் வாணிபம் செய்தவர்கள். 'அல்அமீன்' என்று பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய உம்மத்தாருக்கு ஒரே கணக்குத்தான் இருக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. அன்றாட விற்பனையையும் கொள்முதலையும் எழுதி வைப்பீர். கடைப் பணத்துக்கும் வீட்டுப் பணத்துக்கும் பேங்கில் தனித்தனிக் கணக்கு வைப்பீர். வியாபாரிகளுக்குரிய 'போராங் பி' வரிப் படிவத்தை ஜூன் 30க்குள் ஒப்படைப்பீர். கணக்கேடுகளை ஏழாண்டு காப்பது சட்டப்படியும் அவசியம்.

2. பெயரைச் சரி பார்ப்பீர். 'முகமது' என்ற பெயரே அடையாளக் கார்டில் ஒருவிதமாகவும், பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதமாகவும், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதமாகவும் எழுதப்படுகிறது. வேறுபாடு இருந்தால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து வைப்பீர்.

3. எஸ்.பி.எம். தேர்வு பதினொன்றாம் ஆண்டுப் படிப்பில் முடிகிறது. வெளிநாட்டுக் கல்லூரிகள் பல பன்னிரண்டு ஆண்டுப் படிப்பைக் கேட்கின்றன. ஆகவே எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கீடான படிப்பை முடிக்குமுன் பிள்ளையைக் கடையில் நிறுத்திவிடாதீர்.

4. மலாய் மொழியிலுள்ள பத்திரங்களுக்கு அத்தாட்சி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். 'ஐயெல்ட்ஸ்' ஆங்கிலத் தேர்வின் முடிவு இரண்டாண்டே செல்லும். மிக முந்தியும் எழுத வேண்டாம், பிந்தியும் எழுத வேண்டாம்.

5. தகுதி விதியை முதலில் படிப்பீர். ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983இல் தொடங்கிய உதவித் திட்டம், அங்கத்தினரல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணாக்கருக்கென ஏற்பட்டது. மலேசியா அங்கத்தினர் நாடு; ஆகையால் அது நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்பதை முதலில் விசாரித்தறிவீர். தமிழ்நாட்டிலுள்ள உறவினர்க்கு இச்செய்தியை எட்டச் செய்வது நன்று.

6. துருக்கி, ஜப்பான், பிரிட்டன் அரசுகளின் மேற்சொன்ன உதவிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "இடம் நிச்சயம், முன்பணம் கொடுங்கள்" என்று வருபவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். சரக்கைப் பாராமல் நாம் முன்பணம் கொடுப்பதுண்டா?

1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியை நிறுவிய ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் வணிகப் பெருமக்களே. அவர்கள் செய்ததில் ஓர் அணுவளவேனும் நாம் செய்யலாகாதா? கணக்கெழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம். விண்ணப்பித்து அனுபவப்பட்ட பிள்ளைகள், ஜும்ஆவுக்குப் பின் அரைமணி நேரம் இருந்து இளையவருக்கு வழி காட்டலாம்.

நான்காம் படிவத்தில் பிள்ளை இருக்கும் தகப்பனார் ஒவ்வொருவரும் இன்றிரவு கடையைச் சாத்தியதும் ஒரு புதுப் பேரேட்டை எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் வரியை எழுதுவாராக. அந்தப் பேரேடு, இன்ஷா அல்லாஹ், பிள்ளை விண்ணப்பிக்கும் நாளில் கைகொடுக்கும். வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு ஹலாலான சம்பாத்தியத்தையும் அருள்வானாக. ஆமீன்.