எழுதப்படாத ஏற்பாடும் எழுதாத ஏடும்

தறியில் ஓர் இழை அறுந்தால் அக்கணமே கண்ணுக்குப் புலனாகும். ஏட்டில் ஒரு வரி விட்டுப்போனால், பணம் வராதபோதுதான் புலனாகும். ஆகவே சரக்கை நெய்வதில் காட்டும் கவனத்தை, அதனை விற்கும் எழுத்திலும் அங்கத்தினர்கள் காட்டுதல் வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு நெசவாளர் சங்கம், புடவை ஒன்று 900 ரூபாய் வீதம் 100 புடவைகளை, வாய்ப்பேச்சை நம்பி வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறது. கிரயம் 90,000 ரூபாய். இரண்டு மாதம் சென்றபின் அவர், “வந்தவை 96, அவற்றுள் 8 சாயம் போயின, புடவைக்கு 50 ரூபாய் தள்ளுபடியும் பேசினோம்” என்று கூறி, 88 புடவைகளுக்கு 850 வீதம் 74,800 ரூபாய் மட்டும் கொடுக்கிறார். குறைவது 15,200 ரூபாய். புடவைக்குக் கூலி 400 ரூபாயானால், இது 38 புடவைகளின் கூலியாகும்.

வியாபாரி பொய்யர் என்று கொள்ளவேண்டுவதில்லை. இருவர் நினைவு இருவிதமாவது இயல்பே. எண்ணிக்கைக்குச் சரக்கு பெற்றவரின் கையொப்பமிட்ட சீட்டு, தரத்துக்கு இருவரும் ஒப்பிய மாதிரித் துணி, விலைக்குக் கையொப்பமிட்ட ஆர்டர் கடிதம் ஆகிய மூன்றும் இருந்திருப்பின் தகராறுக்கு இடமேது?

வாய்மொழி ஒப்பந்தமும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பொதுவாகச் செல்லத்தக்கதே, மெய்ப்பிப்பதுதான் அரிது. “எங்கள் பேரேட்டில் எழுதியுள்ளோம்” என்பதும் போதாது. முறையாக எழுதிவந்த கணக்கேடு சாட்சியமாக ஏற்கப்படும்; ஆனால் அதனை மட்டுமே கொண்டு ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்த இயலாது. பழைய சாட்சியச் சட்டத்தின் இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் நிலைத்துள்ளது. ஏட்டுக்குத் துணையாகச் சீட்டு வேண்டும்.

காலமும் காத்திராது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் கிரயத்துக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடரவேண்டும். அக்கெடுவுக்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அந்நாள் தொட்டுப் புதிய கெடு தொடங்கும். ஆண்டுதோறும் பாக்கிக்கு ஒப்புதல் கடிதம் பெறுவதன் பயன் இதுவே.

பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொரு துணை. சரக்கை ஏற்ற நாளிலிருந்து, எழுத்து ஒப்பந்தமிருப்பினும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது. ஒப்பந்தமில்லாவிடில் 15 நாளே. தவறினால் வட்டி உண்டு. சரக்கைச் சேர்ப்பித்த நாளை நிறுவும் சீட்டில்லாதவர், நாளை எங்கிருந்து எண்ணுவார்?

விவசாயிகளுக்கும் இப்பாடம் பொருந்தும். மண்டிக்குப் போகும் மஞ்சளுக்கும் பருத்திக்கும் எடை, கழிவு, விலை, தேதி ஆகிய நான்கும் குறித்த சீட்டின்றி வண்டி திரும்பலாகாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டுமன்றோ?

இறுதியாக ஒன்று. சங்கத்தின் கடிதங்களும் சீட்டுகளும் காரியதரிசியின் சொந்தப் பொருளல்ல. அவர் மாறும்போது ஏடுகளைப் பட்டியலிட்டு, இருவர் கையொப்பத்துடன் ஒப்படைத்தல் வேண்டும். “கையொப்பமில்லாத பாக்கி எவ்வளவு?” என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் எழுந்து கேட்பாராயின், அது குறை கூறுவதன்று, கூலியைக் காப்பதாகும்.